கெப் வாகனத்துக்கு ஏ.ரி. ரயரா, எம்.ரி. ரயரா? யாழ்ப்பாணத்து மண்ணுக்கு ஏற்றபடி தெரிவு செய்வது எப்படி

குடாநாட்டுக்குள் ஓடும் கெப் வாகனத்துக்கு, அதாவது பின்னால் பாரப் பெட்டியுள்ள பிக்கப்புக்கு, பெரும்பாலும் ஏ.ரி. எனப்படும் ஓல் ரெறெயின் (எல்லா நிலத்துக்குமான) ரயர் போதும். மாரி காலத்தில் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை வன்னி வயலுக்குள்ளோ காட்டுப் பாதைக்குள்ளோ இறங்கியே ஆகவேண்டிய வாகனத்துக்குத்தான் எம்.ரி. எனப்படும் மட் ரெறெயின் (சேற்று நிலத்துக்கான) ரயரின் கணக்குச் சரிவரும். கடற்கரை மணலுக்கென்று எம்.ரி. போடுவது காசைக் கொடுத்துக் கரைச்சலை வாங்குகிற வேலை.

முடிவைச் சொல்ல இவ்வளவு போதும். ஆனால் பிழை நடப்பது பெரும்பாலும் வேறு இடத்தில்: அளவில், சுமைக் குறியீட்டில், காற்றில். நல்ல ரயரைப் போட்டுவிட்டுக் காற்றைக் கவனிக்காத வாகனம் புதைகிற இடத்தில், சாதாரண ரயரில் காற்றைக் குறைத்து ஓடுகிறவர் சிரித்துக்கொண்டே தாண்டிப் போவார்.

முதலில் ஒரு கடதாசி எடுங்கள்

கடைக்குப் போகமுன்னர் உங்கள் வாகனம் எந்த நிலத்தில் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று எழுதுங்கள். கோடையில் ஒரு மாதம், மாரியில் ஒரு மாதம் எனத் தனித்தனியாக எழுதவேண்டும். ஆடி மாதக் கணக்கை மட்டும் வைத்து எடுத்த முடிவு கார்த்திகையில் கவிழ்த்துவிடும். நான்கு நிரல்கள் போதும்: காப்பெட் போட்ட தார் வீதி, கிறவல் அல்லது கல் வீதி, மணல், சேறு.

சேற்று நிரல் மொத்த ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கினால் எம்.ரி. பற்றி யோசிக்கலாம். அதற்குக் கீழே என்றால் ஏ.ரி. காப்பெட் வீதி பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், மிச்சம் ஒழுங்கையும் கிறவலும்தான் என்றால் ஏ.ரி. கூடத் தேவையில்லை. சுன்னாகத்தில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியால் தம்புள்ளை போய்வரும் வாகனத்துக்கு நல்ல சுமைக் குறியீடுள்ள சாதாரண வீதி ரயர்தான் சரி. ஏ.ரி. போட்டால் அழகாயிருக்கும், டீசல் கூடப் போகும், வேறொன்றும் நடக்காது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கிலோமீற்றர் குறைவாயிருந்தாலும், புதைந்தால் உழவு இயந்திரம் வந்து இழுக்க நாள் முழுக்கக் காத்திருக்கவேண்டிய இடம் என்றால் அந்தச் சில கிலோமீற்றருக்குக் கூடுதல் நிறை கொடுங்கள். நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டுப் பாதையில் 3 கிலோமீற்றர் போவதும் கொடிகாமத்துக் குச்சொழுங்கையில் 3 கிலோமீற்றர் போவதும் ஒன்றல்ல.

இரண்டு ரயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

எம்.ரி. ரயரின் மேற்பரப்பில் நிற்கும் றப்பர்க் கட்டைகளுக்கு நடுவே உங்கள் இரண்டு விரலைச் சேர்த்து வைத்துப் பாருங்கள், அநேகமாக உள்ளே போகும். ஏ.ரி. ரயரில் ஒரு விரல் போவதே கஷ்டம். இந்த இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சேற்றில் சில்லு சுற்றும்போது கட்டைகளுக்கு நடுவே களி அடைகிறது. இடைவெளி அகலமாயிருந்தால், சில்லு வேகமாகச் சுற்றும்போது களி வெளியே வீசப்பட்டு அடுத்த சுற்றில் கட்டை புதிதாகப் பிடிக்கும். இடைவெளி ஒடுங்கியிருந்தால் களி அங்கேயே இறுகி, ரயர் முழுக்க வழவழத்த உருளையாகிவிடும். பிறகு ஏ.ரி.யும் வீதி ரயரும் ஒன்றுதான். எம்.ரி.யின் பக்கச்சுவரிலும் கட்டைகள் இறங்கி வந்திருக்கும். ஆழமான சில்லுத்தடத்துக்குள் போகும்போது அவைதான் ஓரத்து மண்ணைப் பிடித்து ஏற்றும்.

அதே இடைவெளி தார் வீதியில் எதிராக வேலை செய்கிறது. வீதியைத் தொடும் றப்பர் குறைகிறது. உயரமான கட்டைகள் பிறேக் பிடிக்கும்போது வளைந்து கொடுக்கின்றன. கட்டைகளின் மேல் கீறப்பட்ட மெல்லிய வெட்டுகள் ஏ.ரி.யில் நிறைய, எம்.ரி.யில் மிகக் குறைவு. நனைந்த தாரைப் பிடிப்பது அந்த வெட்டுகள்தான். ஐப்பசியில் முதல் மழை பெய்து, கோடை முழுக்கப் படிந்த எண்ணெயும் புழுதியும் கரைந்து காப்பெட் வீதி வழுக்கும் அந்த நாட்களில் எம்.ரி. போட்ட வாகனம் நிற்க எடுக்கும் தூரம் உங்களைப் பயப்படுத்தும்.

புது ரயரில் கட்டையின் உயரம் வீதி ரயருக்கு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர், ஏ.ரி.க்கு 10 முதல் 13 வரை, எம்.ரி.க்கு 14 முதல் 16 வரை இருக்கும். உயரம் கூடுதலென்றால் ஆயுளும் கூடுதல் என்று நினைக்கவேண்டாம். எம்.ரி. கட்டைகள் தனித்தனியாக நிற்பதால் தாரில் விரைவாகத் தேயும். ஏ.ரி. 50,000 முதல் 70,000 கிலோமீற்றர் வரை ஓடும் பாவனையில் எம்.ரி. 30,000 முதல் 45,000 வரை ஓடினாலே நல்லது.

இரைச்சலைப் பற்றிக் கடையில் யாரும் சரியாகச் சொல்வதில்லை. புது எம்.ரி. தாங்கக்கூடியதுதான். பாதி தேய்ந்த எம்.ரி., அதுவும் சில்லு மாற்றிப் போடாமல் விட்டது, மணிக்கு 60 முதல் 80 கிலோமீற்றர் வேகத்தில் ஒரே சுருதியில் முனகிக்கொண்டே இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் அந்தச் சத்தத்தோடு போகவேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஆர்.ரி. (றகெட் ரெறெயின்) என்று ஒரு வகையும் வருகிறது. பக்கச்சுவர் எம்.ரி. போலவும் நடுப்பகுதி ஏ.ரி. போலவும் இருக்கும். எப்போதாவது வன்னிக்குப் போகிறவருக்கு நல்ல சமரசம். ஆனால் எல்லா அளவிலும் இங்கே கிடைப்பதில்லை. ஸ்பெயாரோடு சேர்த்து ஐந்தில் ஒன்று பழுதானால் அதே ரயரைத் தேடிக் கொழும்பு போக நேரிடலாம் என்பதையும் யோசியுங்கள்.

எங்கள் மண்ணுக்கு எது

வலிகாமத்துச் செம்மண் மழையில் பார்க்கப் பயமாயிருக்கும், ஆனால் கீழே சுண்ணாம்புக்கல் இருப்பதால் தண்ணீர் விரைவாக இறங்கிவிடும். மழை விட்டுச் சில மணித்தியாலங்களில் தோட்டப் பாதையில் வாகனம் போகலாம். அங்கே ஆபத்து சேறல்ல, கல்தான். செம்மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் சுண்ணாம்புக்கல்லின் விளிம்பு கத்தி மாதிரி. கீரிமலைப் பக்கத்திலும் தீவகத்திலும் மதில் இடிந்து கிடக்கும் முருகைக்கல்லும் அப்படித்தான். இவை வெட்டுவது ரயரின் அடியை அல்ல, பக்கச்சுவரை. ஆகவே இங்கே கட்டையின் வடிவத்தைவிடப் பக்கச்சுவரின் தடிப்பைப் பார்த்து எடுக்கவேண்டும். தடித்த பக்கச்சுவருள்ள ஏ.ரி.தான் பொருத்தம்.

வடமராட்சி கிழக்கு வேறு கதை. மணற்காடு, அம்பன், நாகர்கோயில், மருதங்கேணி, அப்படியே சுண்டிக்குளம் வரை மணல். காய்ந்த மணலில் வாகனம் மேலே மிதந்து போகவேண்டும். எம்.ரி. கட்டை மணலைப் பிடிக்காது, தோண்டும். சில்லு இரண்டு சுற்றுச் சுற்றமுன்னரே அச்சு மணலில் இருந்துவிடும். எம்.ரி.யின் பக்கச்சுவர் விறைப்பானது என்பதால் காற்றைக் குறைத்தாலும் ஏ.ரி. அளவுக்குப் பரந்து கொடுக்காது. கரையில் மீன் ஏற்றப் போகும் கெப்புக்கு, அது இரண்டு சில்லு இழுவை மட்டுமுள்ளதாயிருந்தாலும், காற்றுக் குறைத்த ஏ.ரி. அல்லது தேய்ந்த வீதி ரயர்தான் கைகொடுக்கும். கரைவலைப் பாட்டுக்கு உழவு இயந்திரம் எம்.ரி. போன்ற கட்டையோடு மணலில் ஓடுகிறதே என்று கேட்பார்கள். அதன் சில்லின் விட்டத்தையும் அகலத்தையும் வேகத்தையும் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

தரவைகளும் கடல்நீரேரிக் கரைகளும் மூன்றாவது வகை. மேலே காய்ந்து வெடித்த உவர்ப் படை, கீழே பசை போன்ற சேறு. கோடையில்கூட நம்பமுடியாது. இறங்கி நடந்து பாருங்கள், குதிக்கால் புதைந்தால் வாகனமும் புதையும். இங்கே எந்த ரயரும் காப்பாற்றாது. சுற்றிப் போவதுதான் வழி.

ஆனையிறவைத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வயல் வரம்புகளும் குளக்கட்டுப் பாதைகளும் மாரியில் களியாகும். துணுக்காய், முருங்கன் பக்கத்துக் கருங்களி இன்னும் மோசம், நனைந்தால் ரயரில் ஒட்டிச் சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவே அடைத்துச் சில்லைச் சுற்றவே விடாது. எம்.ரி.க்காகவே படைக்கப்பட்ட நிலம் இதுதான். அந்தப் பக்கம் வேலையுள்ள ஒப்பந்தக்காரர், நெல் ஏற்றுகிறவர், மாரியிலும் கள வேலைக்குப் போகும் வாகனம் ஆகியவற்றுக்கு எம்.ரி. போடுவதில் நியாயம் உண்டு. ஏ32 வீதியால் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரிக்கும் மன்னாருக்கும் தார் வீதியில் போய் வருகிறவருக்கு அது தேவையில்லை. வீதியை விட்டு இறங்குகிறீர்களா இல்லையா என்பதே கேள்வி.

பக்கச்சுவரில் உள்ள எழுத்துகள்

சாரதிக் கதவைத் திறந்தால் கதவு மூடும் தூணில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். அதில் தொழிற்சாலை கொடுத்த ரயர் அளவும் காற்றும் இருக்கும். ஹைலக்ஸின் பல மொடல்களில் 265/65 ஆர்17 என்றும், எல்200, டி-மக்ஸ் போன்றவற்றில் 245/70 ஆர்16 என்றும் காணலாம். இப்போது பூட்டியிருக்கும் ரயரைப் பார்த்து அளவு எடுக்கவேண்டாம். 2020 மார்ச்சிலிருந்து ஐந்து வருடமளவில் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் இங்கே ஓடுகிற கெப்களில் பல கைமாறி வந்தவை. முன்னைய சொந்தக்காரர் என்ன போட்டாரோ அதுதான் பூட்டியிருக்கும்.

265/65 ஆர்17 என்றால் ரயரின் அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அகலத்தின் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம். முழு விட்டத்தை இப்படிக் கணக்கிடலாம்: 265-இன் 65 சதவீதம் 172, இரண்டு பக்கத்துக்கும் 344, ரிம் 17 அங்குலம் என்றால் 432, கூட்டினால் 776 மில்லிமீற்றர். பலரும் ஆசைப்படும் 265/70 ஆர்17 இதே வழியில் 803 வரும். வித்தியாசம் 27 மில்லிமீற்றர், சதவீதத்தில் ஏறத்தாழ மூன்றரை. வாகனம் நிலத்திலிருந்து உயர்வது இதில் பாதிதான், 13 மில்லிமீற்றர். வேகமானி 80 காட்டும்போது உண்மை வேகம் 83-ஐ நெருங்கும்.

இந்த மூன்றரை சதவீதம்தான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 285/70 ஆர்17 போட்டால் விட்டம் 831 ஆகிவிடும், ஏழு சதவீதம் கூட. உயர்த்தாத வாகனத்தில் ஸ்ரியறிங்கை முழுக்கத் திருப்பும்போது உள் மட்காட்டிலோ சேற்று மறைப்பிலோ உரசும். கியர் விகிதம் உயர்ந்ததுபோல் ஆகி இழுவை குறையும், பிறேக்குக்கும் வேலை கூடும். ஸ்பெயார் சில்லு பெட்டிக்கு அடியில் தன் இடத்தில் ஏறாமலும் போகலாம்.

அளவுக்குப் பின்னால் 112 எஸ், 121/118 கியூ போன்ற குறியீடு வரும். இலக்கம் சுமை, எழுத்து வேகம். இரண்டு இலக்கம் இருந்தால் முதலாவதைப் பாருங்கள். 112 என்றால் ஒரு ரயர் 1120 கிலோ தாங்கும், 116 என்றால் 1250, 121 என்றால் 1450. கியூ மணிக்கு 160 கிலோமீற்றர், ஆர் 170, எஸ் 180, ரி 190. எம்.ரி. ரயர்கள் பெரும்பாலும் கியூவில்தான் வரும். எங்கள் வீதிக்கு அது தாராளம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சுமை இலக்கம் மட்டும் ஒட்டுத்தாளில் உள்ளதைவிடக் குறையவே கூடாது. மலிவாக வருகிறதே என்று 108 உள்ளதைப் போட்டு, ஒரு தொன் சீமெந்து ஏற்றினால், ஏறிய வெயிலில் பின் ரயர் உள்ளுக்குள் சூடாகிப் பட்டி பிரியும்.

முன்னால் எல்.ரி. என்ற எழுத்துகள் இருந்தால் அது பாரம் ஏற்றும் வாகனத்துக்கான தடித்த கட்டமைப்பு. அதில் சி, டி, ஈ எனப் படிகள் உண்டு, முறையே 6, 8, 10 பிளை (நூற்படை) வலிமை. 10 பிளைதான் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவேண்டாம். வெறும் பெட்டியோடு ஓடும் டபிள் கெப்பில் அது கல்லுப்போல் இருக்கும், கிறவல் வீதியில் முதுகுதான் சொல்லும். சொந்தப் பாவனைக்கு சி அல்லது எல்.ரி. அல்லாத ஏ.ரி. போதும். கல்லும் பாரமும் சேர்ந்த வேலைக்கு மட்டும் ஈ.

எல்.ரி. ரயருக்கு ஒட்டுத்தாளில் உள்ள காற்று போதாது. அதே சுமையைத் தாங்க அதற்குப் பொதுவாக 5 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை கூடுதலாகத் தேவை. கணிசமான பேர் பழைய அளவிலேயே அடித்துவிட்டு, இரண்டு ஓரமும் தேய்கிறதே என்று ரயரைத் திட்டுகிறார்கள்.

கிலோமீற்றருக்கு என்ன விலை

விலையைத் தனியாகப் பார்க்காமல் ஓட்டத்தால் பிரித்துப் பாருங்கள். ஏ.ரி. ஒன்றின் விலையை 100 பங்கு என்று வைத்து, எம்.ரி. 120 பங்கு என்று கொள்வோம். ஏ.ரி. 60,000 ஓடுகிறது, எம்.ரி. 40,000 ஓடுகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எம்.ரி.க்கு ஏ.ரி.யைவிட 1.8 மடங்கு செலவாகிறது. இதோடு டீசலைச் சேர்க்கவேண்டும். வீதி ரயரிலிருந்து தடித்த எம்.ரி.க்கு மாறும்போது ஒவ்வொரு சில்லிலும் 5 முதல் 9 கிலோ வரை பாரம் கூடுகிறது. அது சுற்றுகின்ற பாரம் என்பதால் ஒவ்வொரு தடவை வேகம் எடுக்கும்போதும் டீசல் குடிக்கும்.

ஐந்து ரயர் வாங்கக் காசில்லை என்றால் இரண்டு எம்.ரி. பின்னுக்கும் பழைய ஏ.ரி. முன்னுக்கும் போடுவது வழக்கம். நான்கு சில்லு இழுவையுள்ள வாகனத்தில் இது கியர்ப்பெட்டியைக் கொல்லும் வேலை. முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால் நான்கு சில்லு இழுவையைப் போட்டதும் இரண்டு அச்சும் ஒன்றையொன்று முறுக்கும், லீவர் இறுகிக் கழராது, கடைசியில் சங்கிலியோ பல்லோ போகும். நனைந்த வீதியில் முன்னும் பின்னும் வேறு வேறு அளவில் பிடிப்பதால் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். காசு போதாவிட்டால் விலை குறைந்த ஏ.ரி. நான்கு எடுங்கள்.

றீபில்ட் ரயரில் எம்.ரி. கட்டை ஒட்டி விற்பதும் உண்டு. தோட்டத்துக்குள் மெதுவாக ஓடும் பழைய வண்டிக்குச் சரி. பாரம் ஏற்றி ஏ9 போகும் வாகனத்துக்கும், மணலில் காற்றைக் குறைத்து ஓடும் வாகனத்துக்கும் வேண்டவே வேண்டாம். காற்றுக் குறைந்து ரயர் மடங்கும்போது ஒட்டிய இடம்தான் முதலில் விடும்.

கடையில்

முதலில் தயாரித்த திகதி. டொட் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது கிழமை. அது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருக்கும், தெரியாவிட்டால் ரயரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து ரயரையும் தனித்தனியாகப் பாருங்கள். மூன்று புதியதும் இரண்டு பழையதுமாகக் கலந்து தருவது நடக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்தது என்றால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். தகரக் கூரைக்குக் கீழே வெயிலில் வெந்தது என்றால் குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.

கட்டைகளுக்கு அடியிலும் பக்கச்சுவரின் மடிப்பிலும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். முடி அளவு வெடிப்புத் தெரிந்தால் றப்பர் காய்ந்துவிட்டது. ரிம்மில் அமரும் விளிம்பில் கம்பி தெரிந்தாலோ நசுங்கியிருந்தாலோ அதை ஒதுக்குங்கள். ஐந்தும் ஒரே நிறுவனம், ஒரே மாதிரி, ஒரே அளவு, ஒரே சுமைக் குறியீடு. பக்கச்சுவரில் மலையும் பனித்துகளும் போட்ட குறியைக் காட்டி விலை கூட்டினால் சிரித்துவிட்டு விடுங்கள், அது பனி நாட்டுக்கான தகுதி.

பூட்டும்போது

பக்கத்தில் நின்று பாருங்கள், தேநீர் குடிக்கப் போகவேண்டாம். பழைய வால்வைக் கழற்றிப் புதியது போடச் சொல்லுங்கள். ரிம்மின் விளிம்பில் உப்புத் துருவோ பழைய றப்பரோ ஒட்டியிருந்தால் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யவேண்டும். இல்லாவிட்டால் நாளுக்கு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. இறங்கிக்கொண்டே இருக்கும், ஓட்டையைத் தேடியும் கிடைக்காது. தீவகத்திலும் கரையோரத்திலும் ஓடிய வாகனங்களில் இது மிகச் சாதாரணம்.

காற்று ஏறியதும் ரிம்மை ஒட்டிப் பக்கச்சுவரில் ஓடும் மெல்லிய வரையைச் சுற்றிப் பாருங்கள். ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தால் ரயர் சரியாக அமரவில்லை. காற்றை இறக்கிச் சவர்க்காரத் தண்ணீர் பூசித் திரும்ப அடிக்கவேண்டும்.

பலன்ஸ் செய்யும்போது எம்.ரி.க்கு ஈயம் கூடுதலாகத்தான் வேண்டும். ஒரு சில்லுக்கு 120 கிராமைத் தாண்டினால் ரயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் குறையும். அலைன்மென்ற் கட்டாயம். அதற்கு முதல் புஷ், போல் ஜொயின்ற் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆட்டம் உள்ள வாகனத்துக்குச் செய்த அலைன்மென்ற் கடை வாசலோடு சரி.

நட்டுகளை காற்றுத் துப்பாக்கியால் முடிவாக இறுக்க விடவேண்டாம். ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிராக, வாகனக் கைநூலில் உள்ள அளவுக்கு முறுக்குமானியால் இறுக்கவேண்டும். இரும்பு ரிம்முக்கும் அலோய் ரிம்முக்கும் அளவு வேறு. 100 கிலோமீற்றர் ஓடியபின் திரும்ப ஒரு தடவை. பிறகு ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவாக ஓட்டி உரசுகிறதா என்று கேளுங்கள். புது ரயரின் மேல் வழுக்கும் படை ஒன்று இருக்கும், முதல் 300 கிலோமீற்றருக்குச் சடுதியாகப் பிறேக் அடிக்கவேண்டாம்.

காற்று

தார் வீதிக்குச் சரியான காற்றைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல முறை உண்டு. காலையில் வாகனம் ஓடமுன்னர் காற்றை அளந்து எழுதுங்கள், 34 பி.எஸ்.ஐ. என்று வைப்போம். வழமையான பாரத்தோடு வழமையான வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டு நிறுத்தியதும் அளந்து பாருங்கள். சாதாரண கட்டமைப்புள்ள ரயரில் 4 கூடியிருந்தால், அதாவது 38 என்றால், காற்றுச் சரி. 6, 7 கூடியிருந்தால் காலையில் அடித்தது குறைவு, ரயர் மடங்கி மடங்கிச் சூடாகிறது. 2 மட்டுமே கூடியிருந்தால் அடித்தது கூடுதல். எல்.ரி. ரயருக்கு 6 கூடுவது சரி. சூடான ரயரில் காற்றை இறக்கிச் சரிசெய்வது பிழை, மறுநாள் காலை குளிர்ந்தபின் மாற்றுங்கள்.

வீதியை விட்டு இறங்கும்போது, பாரம் அதிகமில்லாத கெப்புக்கு இப்படித் தொடங்கலாம். கிறவல், குண்டும் குழியுமான வீதி என்றால் 26 முதல் 28. களிச் சேறு 22 முதல் 25. காய்ந்த மணல் 16 முதல் 18. மணலில் புதைந்தே விட்டால் 13 வரை இறக்கி வெளியே எடுக்கலாம், எடுத்ததும் 16-க்கு ஏற்றிவிடுங்கள். பெட்டியில் பாரம் இருந்தால் பின் ரயரில் 4, 5 கூட்டி வையுங்கள். சுமைக் குறியீடு சொல்லும் கிலோ முழுக் காற்றுக்கு மட்டும்தான், காற்றுக் குறைந்தால் தாங்கும் பாரமும் குறையும்.

காற்றைக் குறைத்தால் ரயர் அகலப்படுவதைவிட நீளப்படுகிறது, நிலத்தைத் தொடும் தடம் முன்னும் பின்னுமாக நீள்கிறது. மணலில் வாகனத்தை மிதக்கவிடுவது அதுதான். 18-க்குக் கீழே மணிக்கு 30, 40 கிலோமீற்றரைத் தாண்டவேண்டாம். ஸ்ரியறிங்கைச் சடுதியாக ஒடித்தால் ரயர் ரிம்மை விட்டுக் கழரும். நிற்கவேண்டுமென்றால் பிறேக்கை மிதிக்காமல் தானாக ஓய விடுங்கள். பிறேக் மிதித்தால் சில்லுக்கு முன்னால் மணல் குவியும், திரும்ப எடுக்கும்போது அந்தக் குவியலைத்தான் ஏறவேண்டும். சில்லு சுற்றத் தொடங்கினால் அக்சிலேற்றரை விட்டுவிட்டு வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுங்கள். வெளியே வராவிட்டால் சில்லுக்கு முன்னால் மண்வெட்டியால் சரிவு வெட்டி, கிடுகோ பனை ஓலையோ அணைத்து வையுங்கள்.

சேற்றில் முறை வேறு. தாழ் கியரில் இரண்டாவதில், நிறுத்தாமல் ஒரே சீராகப் போகவேண்டும். எம்.ரி. என்றால் களியை வீசச் சில்லுக்குக் கொஞ்சம் வேகம் தேவை. பிடி விட்டதும் ஸ்ரியறிங்கை இடமும் வலமும் சிறிது ஆட்டினால் பக்கக் கட்டைகள் தடத்தின் சுவரைப் பிடிக்கும். ஏ.ரி.யில் சில்லைச் சுற்ற விட்டால் குழி ஆழமாவது மட்டும்தான் மிச்சம்.

திரும்ப அடிக்க வழியில்லாமல் காற்றை இறக்கவே கூடாது. குறைந்த காற்றோடு மருதங்கேணியிலிருந்து தார் வீதியில் யாழ்ப்பாணம் வரை ஓடினால் பக்கச்சுவரின் உட்பக்கம் வெந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு மாதம் கழித்து ஏ9 வீதியில் வெடிக்கும். பற்றரியில் நேரடியாகக் கவ்வும் 12 வோல்ற் கொம்பிறெசர் ஒன்று வாகனத்தில் இருக்கட்டும். சிகரெற் லைற்றர் துளையில் செருகும் சின்னது மோட்டார்சைக்கிளுக்குச் சரி, 265 ரயர் நான்கையும் நிரப்பமுன்னர் சூடாகி நின்றுவிடும். நல்ல காற்றுமானி தனியாக ஒன்று வாங்குங்கள், பெற்றோல் செற்றில் உள்ளதை நம்பிக் கணக்குப் போடமுடியாது.

பராமரிப்பு

எம்.ரி.யை 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவையும் ஏ.ரி.யை 8,000-க்கு ஒரு தடவையும் சில்லு மாற்றிப் போடுங்கள். ஸ்பெயாரையும் சேர்த்து ஐந்தாக மாற்றினால் ஐந்தும் ஒரே அளவில் தேயும்: பின் இரண்டும் நேராக முன்னுக்கு, முன் இடது பின் வலத்துக்கு, முன் வலது ஸ்பெயாருக்கு, ஸ்பெயார் பின் இடத்துக்கு. சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட ரயரென்றால் பக்கம் மாற்றமுடியாது, அதே பக்கத்தில் முன்பின்னாக மட்டும்.

மாற்றும் காலம் வந்துவிட்டதா என்று கையே சொல்லும். கட்டைகளின் மேல் உள்ளங்கையை முன்னிருந்து பின்னாகத் தடவிப் பாருங்கள், பிறகு பின்னிருந்து முன்னாக. ஒரு திசையில் வழுவழுப்பும் மறு திசையில் வாள் பல்லுப்போல் கூரும் என்றால் கட்டைகள் சாய்வாகத் தேயத் தொடங்கிவிட்டன. முனகல் சத்தம் வருவதும் அதனால்தான். இன்னும் விட்டால் பிறகு எங்கே மாற்றிப் போட்டாலும் சத்தம் போகாது.

கிறவல் வீதியில் ஓடினால் ஏ.ரி.யின் இடுக்குகளில் சின்னக் கற்கள் சிக்கும். கிழமைக்கு ஒரு தடவை மழுங்கிய திருப்புளியால் கிண்டி எடுங்கள், விட்டால் உள்ளே துளைத்துக்கொண்டு போகும். ஈச்ச முள்ளும் விளாத்தி முள்ளும் அடியில் ஏறினால் ஒட்டுப் போடலாம். பக்கச்சுவரில் ஏறியதற்கோ வெட்டியதற்கோ ஒட்டுப் போடக்கூடாது. பக்கச்சுவரில் முட்டைபோல் வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது, அந்த ரயர் ஸ்பெயாருக்கும் ஆகாது.

கடற்கரைக்கோ தரவைக்கோ போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் ரிம்மின் உட்பக்கம், பிறேக், பெட்டிக்கு அடியில் ஸ்பெயாரைத் தூக்கி வைத்திருக்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழுவுங்கள். அந்தச் சங்கிலிதான் முதலில் துருப்பிடித்து இறுகும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஸ்பெயாரை இறக்கிக் காற்றுப் பார்த்துச் சங்கிலிக்குக் கிறீஸ் பூசுங்கள்.

தேய்வு காட்டும் சின்ன மேடுகள் கட்டைகளின் அடியில் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கும். அதுவரை காத்திருந்தால் மாரியில் ஏ.ரி.யும் பிடிக்காது. 4 மில்லிமீற்றருக்கு வந்ததும் புதியதற்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள். எம்.ரி. 6 மில்லிமீற்றருக்கு வந்தாலே களியில் அதன் வேலை முடிந்தது, மிச்சத்தைத் தாரில் ஓடித் தீர்க்கலாம். ஐந்து வருடம் கடந்த ரயரை வருடாவருடம் கழற்றி உள்ளும் புறமும் பாருங்கள். பத்து வருடமானால் கட்டை எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றவேண்டும். வாங்குவதற்கு ஏற்ற காலம் ஆவணி, புரட்டாதி. ஐப்பசியில் மழை தொடங்கியபின் எல்லோரும் ஒரே நேரத்தில் கடைக்கு ஓடுவார்கள், கேட்ட அளவு இருக்காது, இருப்பதைத்தான் பூட்டிவிடுவார்கள்.